பதில் யாருடைய பெட்டியில் இருக்கிறது?

கடந்த மாதம் எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு மாணவி கேட்டார்: “அண்ணா, தமிழில பில் ஒண்டைப் பி.டி.எவ். ஆக்கினா ‘கெ’ எண்டு வர வேண்டிய இடத்தில கொம்பு ‘க’வுக்குப் பின்னால போய் நிக்குது. என்ன செய்யிறது?”

தமிழில் மென்பொருள் எழுத முயன்ற எவரும் ஒரு முறையாவது முட்டிக்கொண்ட சுவர் இது. யுனிகோட்டில் ‘கெ’ என்பது முதலில் ‘க’, அதன் பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது, எழுத்துருவுக்கும் நிரலுக்கும் நடுவில் நிற்கும் இன்னொரு மென்பொருளின் வேலை. பி.டி.எவ். செய்யும் நிரலோடு அது இணைக்கப்படாவிட்டால் கொம்பு வந்த வரிசையிலேயே நின்றுவிடும்.

எங்கள் குழுவில் இதே கேள்வி வருவது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் யார் பதில் சொன்னார்கள், என்ன சொன்னார்கள் என்று மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் வேலைவாய்ப்பு அறிவித்தல்களுக்கும் நடுவில் எங்கோ புதைந்து கிடக்கிறது. பிறகுதான் ஞாபகம் வந்தது, 2011இல் ஒரு தமிழ்த் தொழில்நுட்பக் கருத்துக்களத்தில் நானே இதற்கு நீளமான பதில் ஒன்றைப் படங்களோடு எழுதியிருந்தேன். இரண்டு இரவுகள் இருந்து எழுதியது. தேடிப் போனால் அந்தக் களமே இல்லை. வெளிநாட்டில் இருந்த ஒரு அண்ணை தன் காசில் நடத்தி வந்தார். ஏதோ ஒரு வருடம் அவர் கட்டணத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது அந்த முகவரியில் வேறு யாரோ எதையோ விற்கிறார்கள். இணைய ஆவணக் காப்பகத்தில் முகப்புப் பக்கம் மட்டும் கிடைத்தது. உள்நுழைந்தால்தான் வாசிக்கலாம் என்று களத்தைப் பூட்டி வைத்திருந்ததால், காப்பகத்தின் நிரல் வாசலோடு திரும்பிவிட்டது.

அந்தத் தேடலின்போது, நான் எதிர்பாராத வேறொன்று கிடைத்தது. 2004இல், லினக்ஸில் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிகின்றன என்று ஒரு ஆங்கில மடற்குழுவுக்கு நான் அனுப்பிய கேள்வி. எழுத்துப் பிழைகளோடு, நான் எப்போதோ கைவிட்ட மின்னஞ்சல் முகவரியோடு, அன்றைய திகதியோடு அப்படியே இருக்கிறது. கீழே இரண்டு பதில்களும் இருக்கின்றன.

ஆறுதலாக இருந்து எழுதிய பதில் போய்விட்டது. அவசரத்தில் எழுதிய கேள்வி இருபது வருடங்கள் தாண்டி நிற்கிறது. இது தற்செயலா? ஓரளவுக்குத்தான். தொழில்நுட்பக் குழுக்கள் மடற்குழுவில் கூடுவதா, கருத்துக்களத்தில் கூடுவதா என்ற பழைய சண்டை ஒன்று உண்டு. பெரும்பாலும் அதை வசதி, பழக்கம், வயது பற்றிய சண்டையாகவே நடத்துகிறார்கள். உண்மையில் அது பிரதி யாரிடம் இருக்கிறது என்பதைப் பற்றியது.

மடற்குழு எப்படி வேலை செய்கிறது என்பதை இன்றைய மாணவர்களுக்கு முதலில் இருந்து விளக்க வேண்டியிருக்கிறது. குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி. அதற்கு நீங்கள் ஒரு மடல் அனுப்பினால், அங்கிருக்கும் மென்பொருள் அதன் பிரதியை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அனுப்பும். யாராவது பதில் எழுதினால் அதுவும் எல்லோருக்கும் போகும். அவ்வளவுதான். ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும் அதற்கே உரிய ஒரு அடையாள இலக்கம் இருக்கும். பதில் மடலில் ‘இன்ன இலக்கத்துக்குப் பதில்’ என்ற குறிப்பும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு எந்தக் கணினியும் முழு உரையாடலையும் திரும்பக் கோத்துவிடலாம். 1975இலேயே ஆர்ப்பாநெற் வலையமைப்பில், மின்னஞ்சல் எப்படி இருக்க வேண்டும் என்று விவாதிப்பதற்காக இப்படி ஒரு குழு இருந்தது. 1986இல் பாரிஸில் படித்துக்கொண்டிருந்த எரிக் தோமா என்ற மாணவர் எழுதிய லிஸ்ட்சேர்வ் மென்பொருள், சேர்வதையும் விலகுவதையும் தானியங்கியாக்கியது. அதற்குப் பிறகு அடிப்படை பெரிதாக மாறவில்லை.

கருத்துக்களத்தில் நீங்கள் எழுதுவது ஒரு கணினியில் உள்ள தரவுத்தளத்துக்குள் போகிறது. வாசிக்க விரும்புபவர் அங்கே வர வேண்டும். வருபவர் பார்க்கிறார், போகும்போது கையில் எதையும் கொண்டுபோவதில்லை. பத்தாயிரம் பேர் வாசித்தாலும் பிரதி ஒன்றுதான். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, ஒரே ஒரு பிரதி என்றால் என்ன என்பதை அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

மடற்குழுவின் அருமை எனக்குத் தெரிய வந்தது அது நல்லது என்பதால் அல்ல. வேறு வழி இருக்கவில்லை. 2002 சமாதான காலத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் நெற் கபேக்கள் திறக்கத் தொடங்கின. நிமிடத்துக்குக் காசு. ஒரு பக்கம் திறக்கும்வரை காத்திருப்பதற்கும் அதே காசுதான். மடற்குழுக்களில் ‘நாளுக்கு ஒரு தொகுப்பு’ என்று ஒரு வசதி உண்டு: அன்றைய மடல்கள் எல்லாம் ஒரே மடலாக வரும். அதைத் திறந்து, ஃப்ளொப்பியில் பதிந்துகொண்டு வீட்டுக்கு வந்து இரவிரவாக வாசிப்பேன். பதிலை வீட்டிலேயே எழுதி வைத்து, அடுத்த நாள் கபேக்குப் போய் அனுப்புவேன். இணைப்பு இருக்கும்போது எடுத்து, இல்லாதபோது வாசிப்பது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை கரண்ட் போன நாட்களில் அந்தப் பழக்கம் எனக்குத் திரும்பவும் கைகொடுத்தது.

இதற்கு உலகறிந்த உதாரணம் லினக்ஸ் கேர்னல், அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி. 1991 ஒகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் யூஸ்நெற் செய்திக்குழு ஒன்றில் தன் முயற்சியைப் பற்றி எழுதினார். இன்று அண்ட்ரொய்ட் தொலைபேசிகளில் இருந்து உலகின் பெரிய சேவைக் கணினிகள்வரை அந்தக் கேர்னல் ஓடுகிறது. அதை உருவாக்குகிறவர்கள் இன்றும் மடற்குழுக்களில்தான் கூடுகிறார்கள். நிரலில் ஒரு மாற்றம் வேண்டுமா, அந்த மாற்றத்தை வெறும் எழுத்தாக மடலில் வைத்து அனுப்ப வேண்டும். மற்றவர்கள் அதன் வரிகளை மேற்கோள் காட்டி, ஒவ்வொரு வரியின் கீழும் தங்கள் குறையைச் சொல்வார்கள். திருத்தித் திரும்ப அனுப்ப வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்டால் பொறுப்பாளர் அந்த மடலையே எடுத்து நிரலோடு இணைத்துவிடுவார். 2005இல் டோர்வால்ட்ஸ் எழுதிய, இன்று எல்லா மாணவர்களும் பயன்படுத்தும் ‘கிட்’ மென்பொருளிலேயே மடலில் இருந்து மாற்றத்தை எடுத்துச் சேர்க்கும் கட்டளை இருக்கிறது. கிட்ஹப் தளத்தில் பொத்தானை அழுத்திப் பழகிய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நான் பகிடி விடுகிறேன் என்று நினைக்கிறார்கள்.

இந்த மடல்களையெல்லாம் பல வருடங்களாக யார் சேர்த்து வைத்திருந்தார்கள் என்பது சுவாரசியமான கதை. கேர்னல் திட்டத்துக்கென்று முழுமையான உத்தியோகபூர்வக் காப்பகம் நெடுங்காலம் இருக்கவில்லை. ஆர்வலர்கள் நடத்திய தளங்களைத்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2016இல் ‘கிமேன்’ என்ற பெரிய மடற்குழுக் காப்பகத்தை நடத்தியவர், தன்னால் முடியவில்லை என்று அதன் இணைய வாசலை மூடினார். 2018 ஜனவரியில் இன்னொரு பிரபலமான காப்பகம் சில நாட்கள் காணாமல் போனது. விசாரித்தால், அந்தச் சேவைக் கணினி ஒருவருடைய வீட்டில் இருந்திருக்கிறது, மின்சாரம் தடைப்பட்டிருக்கிறது, வீட்டுக்காரர் விடுமுறையில் வெளியூர் போயிருக்கிறார்.

அதே வருடம் கேர்னல் திட்டமே ‘லோர்’ என்ற பெயரில் தன் சொந்தக் காப்பகத்தைத் தொடங்கியது. பழைய மடல்களுக்கு எங்கே போவது? உறுப்பினர்களிடம் கேட்டார்கள். உங்கள் அஞ்சல் பெட்டியில் பழைய மடல்கள் இருந்தால் தாருங்கள் என்றார்கள். அனுப்புகிறவரின் தனிப்பட்ட தடயங்களை மடல்களில் இருந்து நீக்குவதற்கு ஒரு சிறு நிரலையும் கொடுத்தார்கள். பல மூலங்களில் இருந்து வந்த பிரதிகளை, அந்த அடையாள இலக்கங்களை வைத்து ஒன்றாகக் கோத்தார்கள். யாரும் காப்பகம் கட்டும் எண்ணத்தோடு அந்த மடல்களைச் சேமித்திருக்கவில்லை. அழிக்கப் பஞ்சிப்பட்டு விட்டு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். இப்போது லோர் காப்பகத்தை எவரும் முழுமையாகத் தரவிறக்கித் தன் கணினியில் வைத்துக்கொள்ளலாம்.

கருத்துக்களம் ஒன்று செத்தால் இப்படித் திரட்டுவதற்கு ஒன்றுமிருக்காது. என் 2011 பதிலை வாசித்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவரிடமும் அது இல்லை. என்னிடமும் இல்லை.

இதுவரை வாசித்தவர்கள் நான் மடற்குழுவின் பக்கச் சார்பாளன் என்று நினைத்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

2004இல் நான் அனுப்பிய கேள்விக்கு முன்னதாக, வேறொரு குழுவுக்கு ஒரு மடல் அனுப்பியிருந்தேன். நிறத்தோடும் அழகான எழுத்துருவோடும் அனுப்பினேன். பல தொழில்நுட்பக் குழுக்களில் வெறும் எழுத்தாக மட்டும்தான் மடல் வரவேண்டும். கேர்னல் குழுவில் எச்.ரி.எம்.எல். மடல்களைச் சேவைக் கணினியே திருப்பி அனுப்பிவிடும். எனக்கு அது தெரியாது. வந்த முதல் பதில் என் கேள்வியைத் தொடவே இல்லை. விதிகளை வாசிக்கத் தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்ற தொனியில் இரண்டு வரி. நூற்றுக்கணக்கான ஆட்களின் பெட்டிக்குள் என் அவமானம் ஒரே நேரத்தில் போய் விழுந்தது. அதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. பல மாதங்கள் எங்கேயும் எதுவும் எழுதாமல் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பிரதி எல்லோரிடமும் இருப்பதன் மறுபக்கம் இது.

நான் மட்டும் அல்ல. டோர்வால்ட்ஸின் கடுமையான மடல்கள் பெயர் பெற்றவை. 2018 செப்டெம்பரில் அவரே தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். அந்த நேரத்திலேயே கேர்னல் திட்டம் ஒரு நடத்தைக் கோவையையும் ஏற்றுக்கொண்டது. அதற்கு இரண்டு மாதம் முந்தி, பைதன் மொழியை உருவாக்கிய கைடோ வான் ரொஸ்ஸம் தலைமைப் பொறுப்பில் இருந்து விலகினார். மொழியில் ஒரு சிறு குறியீட்டைச் சேர்ப்பதா என்ற விவாதம் மடற்குழுக்களில் நூற்றுக்கணக்கான மடல்களாகப் பெருகி, ஒருவர் சொன்னதையே இன்னொருவர் திரும்பச் சொல்லி, கசப்பாகப் போய் முடிந்திருந்தது. ஒரு முன்மொழிவுக்காக இவ்வளவு போராடி, இவ்வளவு பேரின் வெறுப்பைச் சம்பாதிக்க இனி விரும்பவில்லை என்ற பொருளில் எழுதிவிட்டுப் போனார்.

பைதன் ஆட்கள் பிறகு என்ன செய்தார்கள்? டிஸ்கோர்ஸ் என்ற கருத்துக்கள மென்பொருளுக்கு மாறினார்கள். 2022இல், மொழியின் உருவாக்கத்தைப் பற்றிப் பேசும் அவர்களின் முக்கிய மடற்குழுவே அங்கே நகர்ந்தது. காரணங்கள் விளங்கிக்கொள்ளக்கூடியவை. களத்தில் ஒரு உரையாடல் கிளை பிரிந்தால் மட்டுறுத்துநர் அதை வெட்டித் தனித் திரியாக்கலாம். சூடேறினால் சில மணித்தியாலம் பூட்டி வைக்கலாம். தவறாக எழுதியதைத் திருத்தலாம். நேற்றுச் சேர்ந்தவர், தான் சேர முதல் நடந்த உரையாடலுக்கும் அதே இடத்தில் பதில் எழுதலாம். மடற்குழுவில் அந்தப் பழைய மடல் அவரிடம் இல்லாதபடியால் அது பெரும்பாடு.

மின்னஞ்சலும் முன்புபோல் இல்லை. எரிதமும் மோசடி மடல்களும் பெருகியதால், ஒரு மடல் அது சொல்லும் முகவரியில் இருந்துதான் வந்ததா என்று சோதிக்கும் ‘டிமார்க்’ என்ற முறை வந்தது. 2014 ஏப்ரலில் யாகூ நிறுவனம் அதைக் கடுமையாக்கியது: யாகூ முகவரியோடு, யாகூ அல்லாத இடத்தில் இருந்து ஒரு மடல் வந்தால் வாங்காதீர்கள் என்று மற்ற நிறுவனங்களுக்கு அறிவித்தது. மோசடிக்காரரைத் தடுக்க அது நல்ல வழிதான். ஆனால் மடற்குழுவின் வேலையே உங்கள் மடலை வாங்கித் தன் இடத்தில் இருந்து மற்றவர்களுக்கு அனுப்புவது. சோதனை மென்பொருளின் கண்ணுக்கு அது போலி மடலாகவே பட்டது. யாகூ உறுப்பினர் ஒருவர் எழுதினால் ஜிமெயில் உறுப்பினர்களின் வாசலில் அது திருப்பி அனுப்பப்பட்டது. திருப்பி வரும் மடல்களைக் கண்ட குழு மென்பொருளோ, அந்த ஜிமெயில் முகவரிகள் செத்துவிட்டன என்று முடிவெடுத்து, எழுதாமல் சும்மா இருந்தவர்களைக் குழுவில் இருந்து நீக்கியது. பிறகு அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியைப் போட்டுச் சமாளிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் சொந்தமாக ஒரு மடற்குழு நடத்துவது, வீட்டுக் கிணற்றைப் பராமரிப்பதுபோல் இருந்த நிலை போய், பெரிய மின்னஞ்சல் நிறுவனங்களின் தயவில் நடக்கும் காரியமாகிவிட்டது.

பெரிய நிறுவனங்களின் தயவு என்றதும் யாகூ குழுமங்களைச் சொல்லாமல் போக முடியாது. தமிழ் இணையத்தின் தொடக்கமே மடற்குழுதான். சிட்னியில் இருந்த மலேசியத் தமிழர் பாலா பிள்ளை 1990களின் நடுவில் தொடங்கிய தமிழ்.நெற் குழுவில்தான், பல நாடுகளில் சிதறியிருந்தவர்கள் திரையில் தமிழில் எழுதிப் பேசிக்கொண்டார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் ஆட்கள் அந்தச் சூழலில் இருந்து வந்தவர்கள். யுனிகோட் பரவுவதற்கு முன் நாங்கள் பயன்படுத்திய திஸ்கி குறியேற்றம், எந்த இடத்தில் எந்த எழுத்தை வைப்பது என்று மாதக்கணக்காக மடலில் அடிபட்டுப் பிறந்தது.

2000களில் இந்த உரையாடல்களில் பெரும்பகுதி யாகூ குழுமங்களுக்கு நகர்ந்தது. இலவசம், யாருக்கும் தொல்லையில்லை. இலக்கியத்துக்கு மரத்தடி, ராயர் காபி கிளப் என்று குழுக்கள் இருந்ததைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லினக்ஸ் தமிழாக்கத்துக்கும் அங்கே ஒரு குழு இருந்தது. யாகூ குழுமம் மடற்குழுவும் கருத்துக்களமும் கலந்த ஒரு பிறவி. மடலாகவும் வாங்கலாம், தளத்துக்குப் போயும் வாசிக்கலாம். மடல்கள் பெட்டியை நிறைக்கின்றன என்று பலர் ‘தளத்தில் மட்டும் வாசிப்பேன்’ என்ற தெரிவுக்கு மாறினார்கள். எல்லாம் தளத்தில் இருக்கிறதுதானே என்று பெட்டியில் இருந்ததையும் அழித்தார்கள். 2019 ஒக்டோபரில் யாகூ குழுமங்களின் தளத்தில் உள்ளவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது. அவகாசம் சில வாரங்கள். பிறகு ஜனவரி இறுதிவரை நீட்டினார்கள். ஆர்க்கைவ் ரீம் என்ற தன்னார்வலர்கள் ஓடி ஓடி அள்ளினார்கள். அள்ளியது ஒரு பகுதிதான். 2020 டிசம்பர் 15 உடன் சேவையே மூடப்பட்டது.

பழைய லினக்ஸ் தமிழாக்கக் கோப்புகள் சிலவற்றைத் திறந்தால், தலைப்பகுதியில் ‘மொழிக்குழு’ என்ற இடத்தில் தமிழினிக்ஸ் என்ற அந்த யாகூ குழுவின் முகவரி இன்னும் இருக்கிறது. ‘ஃபைல்’ என்பதற்குக் கோப்பு என்று ஏன் வைத்தோம், வேறு எந்தச் சொற்களைத் தள்ளினோம் என்று இன்று ஒரு மாணவர் கேட்டால், அந்த முகவரியைத்தான் காட்டலாம். அதற்கு அனுப்பினால் மடல் போய்ச் சேராது.

தப்பியவற்றிலும் ஒரு கூத்து உண்டு. திஸ்கியில் எழுதிய பழைய மடல்களை இப்போது காப்பகத்தில் திறந்தால், தலையில் புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகத் தெரியும். அதை வெட்டி எடுத்து ஒரு மாற்றியில் போட்டால்தான் தமிழ் வரும். ஆனாலும் வரும். ஆள் மெலிந்து அடையாளம் தெரியாமல் போயிருந்தாலும், ஆள் இருக்கிறார்.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். இன்றைய இளையவர்கள் மடற்குழுவிலும் இல்லை, களத்திலும் இல்லை. வட்ஸ்அப், டெலிகிராம், டிஸ்கோர்ட் என்று அரட்டைக் குழுக்களில் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், பழைய சண்டையில் இரண்டு பக்கமும் தோற்று, மூன்றாவது ஆள் வென்றிருக்கிறார். மடற்குழுவின் பிரதியும் இதில் இல்லை. களத்தின் ஒழுங்கும் இல்லை. கூகுளில் தேடினால் உள்ளே இருப்பது வராது. வட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர், தான் வருவதற்கு முன் நடந்த உரையாடலைக் காண்பதே அரிது. செய்திகளின் பிரதி ஒவ்வொருவரின் தொலைபேசியிலும் இருக்கிறதுதானே என்று ஒரு மாணவர் வாதிட்டார். இருக்கிறது. தொலைபேசி மாறும்வரை, அல்லது இடம் போதவில்லை என்று துடைக்கும்வரை.

எங்கள் நாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. 2018 மார்ச்சில், கண்டிக் கலவரத்தைத் தொடர்ந்து அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் ஏறத்தாழ ஒரு வாரம் தடுத்தது. 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு மறுபடி. 2022 ஏப்ரலில் சில மணித்தியாலங்கள் மறுபடி. முதல் தடவை எங்கள் குழு ஒரு வேலையை நடுவில் விட்டபடி நின்றது. ஒருவருக்கொருவர் மின்னஞ்சல் முகவரிகூடத் தெரியாது. மின்னஞ்சல் அந்த வாரம் முழுவதும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

ஆகவே கடந்த மாதம், அந்தக் கொம்புக் கேள்விக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை பின்னேரம் எல்லோரும் கூடி இருந்து கதைத்தோம். நான் மடற்குழு என்றேன். எதிர்ப்பு நான் எதிர்பார்க்காத இடத்தில் இருந்து வந்தது. கேள்வி கேட்ட அதே மாணவி சொன்னார்: “அண்ணா, என்ர பேரும் மின்னஞ்சலும் இருபது வருசத்துக்கு நெற்றில கிடக்கிறது உங்களுக்குச் சந்தோசம். எனக்குப் பயம்.” முன்பொரு திறந்த குழுவில் தன் முகவரியைப் போட்டதற்குப் பிறகு, முன்பின் தெரியாதவர்கள் எழுதத் தொடங்கி, அதை மூடவேண்டி வந்ததாம். மற்ற மூன்று மாணவிகளும் தலையாட்டினார்கள். நான் வாய் மூடினேன். நிலைத்திருப்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி நன்மையல்ல என்பது எனக்கு அதுவரை உறைத்திருக்கவில்லை.

கடைசியில் ஒரு கருத்துக்களம்தான் வைத்தோம். புனைபெயர் போதும், மின்னஞ்சல் முகவரி யாருக்கும் தெரியாது. ஆனால் உள்நுழையாமலே யாரும் வாசிக்கலாம். அப்போதுதான் தேடுபொறியும் காப்பகமும் உள்ளே வரும். மென்பொருள் எல்லாப் பதிவுகளையும் மடலாக அனுப்பும் வசதியைத் தருகிறது. குழுவில் ஐந்து பேராவது அதைப் போட்டு வைக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். ஒருவர் தன் பதிவை நீக்கச் சொன்னால் களத்தில் இருந்து நீக்குவோம். மடலாகப் போன பிரதியைத் திரும்பப் பிடிக்க முடியாது என்பதைச் சேரும்போதே சொல்லிவிடுவோம். மாதம் ஒரு முறை தரவுத்தளத்தின் பிரதி ஒன்று யாழ்ப்பாணத்திலும் ஒன்று கனடாவில் இருக்கும் ஒரு நண்பரிடமும் போகும். முகவரிக்கான கட்டணத்தை ஐந்து வருடத்துக்கு ஒன்றாகக் கட்டினோம். கடவுச்சொல் மூன்று பேரிடம். டொலர் 2022இல் இருநூறு ரூபாயில் இருந்து முந்நூற்று அறுபதுக்குப் போனபோது எத்தனை தமிழ்த் தளங்கள் சத்தமில்லாமல் மூடின என்பதைப் பார்த்த பிறகு, மாதாமாதம் கட்டும் துணிவு எங்களுக்கு வரவில்லை.

எல்லாம் சரியாகப் போகிறது என்று சொல்லமாட்டேன். கேள்விகள் இன்னும் வட்ஸ்அப்பில்தான் வருகின்றன. அங்கே பதில் சொல்லாமல் களத்து இணைப்பை மட்டும் கொடுப்பது என்று முடிவு. அதை முதலில் மீறியவன் நான்தான். பஸ்ஸில் போகும்போது ஒரு வரியில் பதில் சொல்வது லேசு.

கொம்புக் கேள்விக்கு முழுப் பதிலை அந்த மாணவியே எழுதினார். எந்த நிரல்தொகுதியைப் போட்டால் கொம்பு தன் இடத்துக்கு வருகிறது, எதைப் போட்டால் வராது என்று நான்கைச் சோதித்து, ஒவ்வொன்றின் படத்தையும் போட்டிருந்தார். 2011இல் நான் எழுதியதைவிடத் தெளிவாக இருந்தது என்று நினைக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் அது இல்லை. அடுத்த நாள் காலை அது ஒரு மடலாக என் பெட்டியில் கிடந்தது. வாசித்துவிட்டு, களத்தின் பெயரில் நான் வைத்திருக்கும் தனிக் கோப்புறைக்குள் நகர்த்தினேன். அதில் இப்போது பதினொரு மடல்கள் இருக்கின்றன.